ஆடிக்கு வந்த உல்லம்

கொள்ளிடத்தில் சொட்டுத் தண்ணீர் வராத ஓர் ஆடி மாதத்தில், கடலிலிருந்து சினை சுமந்து கிளம்பிய உல்லம் மீன்கள், இனி ஆற்றை நம்பிப் பிரயோசனமில்லை என்று முடிவு செய்து நாணல்படுகை ஊருக்குள் நுழைந்து, ஆள் இடுப்பு உயரத்தில் காற்றிலேயே நீந்தி மேற்கே போக ஆரம்பித்தபோது, லஸ்கர் வைரக்கண்ணு தன் வீட்டுக் கொல்லையில் பாதி முகத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பட்டு பக்கத்துச் சந்து வழியாக மூச்சிரைக்க ஓடி வந்து, "அண்ணே, ஒங்க ஆத்து மீனு பூரா எங்க கூடத்து வழியா போவுது, என்ன ஏதுன்னு கொஞ்சம் கேளுங்க," என்றாள். "ஆத்துல தண்ணியே கெடையாது, மீனு எப்படி வரும்?" என்றார் அவர். "அதான் எங்க வீட்டு வழியா வருது," என்றாள் பட்டு. அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் அவர் மிச்சமிருந்த பாதியையும் சவரம் செய்து முடித்தார்.

ஏன் வந்தன, எப்படி வந்தன என்று கேட்பவர்களுக்கு நாணல்படுகையில் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஊருக்கு மேற்கே ஆற்றை மறித்துக் கதவணை நிற்கிறது. அதன் இரும்பு ஷட்டர்களைக் கைப்பிடி சுற்றி ஏற்றுவதும் இறக்குவதும்தான் லஸ்கர் வேலை, அந்த வேலையில்தான் வைரக்கண்ணுவுக்குத் தலை நரைத்தது. கதவணை வந்த நாளிலிருந்து உல்லம் ஒவ்வொரு ஆடிக்கும் முட்டையிட மேலாற்றுக்குப் போக வந்து, ஷட்டரில் மூக்கை முட்டி முட்டி நின்று, சினையைச் சுமந்தபடியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்துப் பரிதாபப்பட்ட யாரோ மீன் ஏறிப்போக ஓரமாகச் சிமெண்டில் படி கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் படியைத் தண்ணீர் தொட்டதே இல்லை, அதில் ஆடுகள்தான் சுகமாகப் படுத்துக் கிடந்தன. அதற்கெல்லாம் முன்னால் ஆற்றின் ஒரு கிளை ஊர் நடுவே ஓடியிருக்கிறது. அதைத் தூர்த்து மனை போட்டு வீடு கட்டிவிட்டார்கள். ஊர் மறந்த அந்தப் பாதையை மீன்கள் மறக்கவில்லை போலிருக்கிறது, பழைய கிளை எங்கே ஓடியதோ அங்கேயே, வீடென்றும் கடையென்றும் பாராமல், நேராக வந்தன.

முதல் நாள் ஊரே குழம்புச்சட்டியைக் கழுவி வைத்தது உண்மை. ஊராட்சித் தலைவர் மாசிலாமணி இரண்டு கொழுத்த உல்லத்தை வேட்டியாலேயே பிடித்துக்கொண்டு போய் அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீற, உள்ளே சினையும் இல்லை, சதையும் இல்லை, தண்ணீர்! தித்திப்பான, செம்மண் கலங்கின புது வெள்ளம் குபுகுபுவென்று பீறிட்டு வந்து அடுப்பை அணைத்து, அரிசிப் பானையைக் கவிழ்த்து, முழங்கால் உயரம் நின்றது. அந்த வீட்டுச் சுவர் அந்த மாதம் முழுக்கக் காயவே இல்லை. அதற்குப் பிறகு யாரும் மீனைத் தொடவில்லை. பக்தியால் தொடவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

பிறகு பழகிப்போயிற்று, எதுதான் பழகாது? மினி பஸ் டிரைவர் மெயின்ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு கூட்டம் குறுக்கே போய் முடிகிற வரைக்கும் பீடி குடித்தார். ரேஷன் கடை வரிசையில் ஆளுக்கு ஆள் நடுவே ஒரு மீன் நின்றது, அதற்கும் சேர்த்து இடம் விட்டு நகர்ந்தார்கள். பாதையில் இருந்த வீட்டுக்காரர்கள் வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் பகலெல்லாம் திறந்தே போட்டார்கள், ஏனென்றால் இந்த மீன்களிடம் ஒரு பிடிவாதம் இருந்தது: வழியில் எது மறித்தாலும் சுற்றிக்கொண்டு போகாது, ஏறித் தாண்டாது, மறித்ததன் முன்னாலேயே நிற்கும். பட்டு வீட்டில் நடுக்கூடத்தில் இருந்த பீரோவை நகர்த்தி வைத்தார்கள், டிவியைச் சுவரோரம் திருப்பினார்கள். மீன்கள் கொல்லை வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, வாசல் வழியாக வெளியேறி, தெருவைத் தாண்டி, எதிரே வைரக்கண்ணு வீட்டு வாசலுக்குப் போய் நின்றன. அந்தக் கதவு மூடியிருந்தது.

அது ஏன் மூடியிருந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வைரக்கண்ணுவின் ஒரே மகள் அபிராமி, நர்சிங் படிக்கப் போன இடத்தில் லால்குடிப் பையன் ஒருவனை, வேறு சாதிப் பையனை, கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக இந்த வாசலில் வந்து நின்றாள். வைரக்கண்ணு உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்தி, "இந்த நெலைப்படியத் தாண்டி அவ உள்ள வந்தா நான் மனுசனே இல்ல," என்று கத்திவிட்டு, கொல்லைச் சந்து வழியாக வெளியே வந்து பூட்டையும் போட்டு, சாவியை ஷட்டர் சாவியோடு சேர்த்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அபிராமி பொழுது சாய்கிற வரைக்கும் வாசலில் நின்றிருந்துவிட்டுப் போனாள். ஊர் அவரைத் தோளில் தட்டிக் கொடுத்தது. "மானத்தக் காப்பாத்திட்ட, வைரக்கண்ணு," என்று மாசிலாமணியே வந்து சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருவதும் போவதும் சந்து வழியாகக் கொல்லைக் கதவில்தான். வாசல் கதவுக்கு உள்பக்கம் நெல் மூட்டை அடுக்கிவிட்டார்கள்.

இப்போது அந்தக் கதவைத்தான் உல்லங்கள் முட்டின. அவசரமில்லாமல், கோபமில்லாமல், டொக், டொக் என்று, வளையல் போட்ட கை தட்டுகிற மாதிரி. வைரக்கண்ணுவின் சம்சாரம் தையல்நாயகி அடுப்படியில் இருந்தாலும் கூடத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அபிராமிக்கு நிறைமாதம். தையல்நாயகிக்கு அது பட்டுவின் போன் வழியாகத்தான் தெரிந்தது. மகளுக்கு மாமியார் உயிரோடு இல்லை, கூட இருந்து ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. தலைப்பிரசவம், பெற்ற வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளை. தையல்நாயகி வாய் திறந்து கேட்கவில்லை. சோறு போடும்போது தட்டை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்தாள். வைரக்கண்ணு மட்டும் சும்மா இருந்தாரா என்ன? கதவு தட்டப்படும்போதெல்லாம் அவர் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. மகளுக்குச் சினை மீன் குழம்பு என்றால் உயிர் என்பது அவருக்கு அப்போதெல்லாம் ஞாபகம் வந்தது, ஞாபகம் வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நாளுக்கு நாள் தெருவில் மீன் சேர்ந்தது. வெயிலில் செதில் மினுங்க, வயிறு தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு அவை நிற்பதைப் பார்த்து முதலில் பட்டுதான் சொன்னாள்: "ஆடி மாசம்டி. பொண்ணுங்க பொறந்த வீட்டுக்கு வர்ற மாசம். புள்ளத்தாச்சிங்க வந்து வாசல்ல நிக்குதுங்க, ஒரு வாய்த் தண்ணி குடுத்தோமா?" சொன்னதுதான் தாமதம், ஊருக்கே பாசம் பொங்கிவிட்டது. தெருவை அடைத்துத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார்கள். நாயும் பூனையும் வராமலிருக்க இரண்டு பக்கமும் வலை கட்டினார்கள். ஈரச் சாக்கு விரித்தார்கள், பன்னீர் தெளித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். ஆற்றையே கர்ப்பிணியாக நினைத்து ஆடிப்பெருக்கில் மசக்கைச் சோறு படைக்கிற ஊர் அது. ஆறு வராத வருஷத்தில் அந்த ஆசையெல்லாம் மீன்கள் மேல் திரும்பியது. பதினெட்டாம் பெருக்கன்று வளைகாப்பே செய்துவிடுவது என்று முடிவாயிற்று.

மீன் ஆபீசிலிருந்து ரேச்சல் மேடம் ஸ்கூட்டியில் வந்தார். தரங்கம்பாடிக்காரர், கடல் மீன் எல்லாம் அத்துப்படி. அவரும் காற்றில் நிற்கிற மீனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, பந்தலைப் பார்த்துத்தான் தலையில் கை வைத்தார். "இதுங்க இங்க தங்க வரலங்க. மேல போயி முட்டை போடணும். நாள் தள்ளிப் போச்சுன்னா வயித்துலயே அழுகிப் போயிடும். ஒபசாரத்த நிறுத்திட்டு வழிய விடுங்க."

ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடிக்கு வந்த புள்ளய வெறுங்கையோட அனுப்புவாங்களா? நீங்க ஒங்க ஊர்ல அப்படித்தான் அனுப்புவீங்களா?" என்று பட்டு கேட்டாள். ரேச்சல் மேடம் மூடிய கதவைக் காட்டி, "இது ஒண்ணு தொறந்தா போதும். அப்புறம் அந்த ஷட்டர் ஒரு முழம் ஒசந்தா போதும்," என்றார். கூட்டம் முழுக்க வைரக்கண்ணு பக்கம் திரும்பியது.

மாசிலாமணி தலைமையில் நாலு பெரிய மனிதர்கள் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து உட்கார்ந்தார்கள். "வைரக்கண்ணு, புள்ளத்தாச்சி பாவம் பொல்லாதது. கதவத் தொற. ஊரே சொல்லுது."

"ஷட்டருக்கு ஆர்டர் வேணும்," என்றார் வைரக்கண்ணு.

"ஷட்டர் கெடக்கட்டும்யா, வீட்டுக் கதவத் தொறக்க எந்த ஆபீஸ்ல ஆர்டர் வாங்கணும்?"

அவர் தரையைப் பார்த்தபடி உண்மையைச் சொன்னார். "மீனுக்குத் தொறந்தா நாளைக்கு அவளுக்கும் தொறக்கணும். என்னால அது முடியாது." பெரிய மனிதர்கள் அவள் பேச்சையே எடுக்காமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அடுப்படியில் தையல்நாயகி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெருக்குக்கு முந்தின நாள் ஒரு மீன் விழுந்தது. உபசாரம் அதிகமாக அதிகமாக மீன்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. செதில் உதிர்ந்து, பின்னால் இருக்கிற சுவர் தெரிகிற அளவுக்கு மெலிந்துபோயின. பட்டு பெயர் வைத்து ஆசையாக வளர்த்த ஒன்று, வைரக்கண்ணு வீட்டு நிலைப்படியில் மூக்கை வைத்தபடியே காற்றிலிருந்து நழுவி, சந்தையில் கிடக்கிற சாதாரண மீனாகத் தரையில் விழுந்தது. வயிற்றிலிருந்து சினை கொட்டி, உலர்ந்த மணலாகத் தெருவில் பரவியது. பட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுநாள் வளைகாப்புக்கு எத்தனை டஜன் வளையல் என்று பேசப் போய்விட்டாள். வைரக்கண்ணு சந்து முனையிலிருந்து அந்த மணலைப் பார்த்தார்.

பெருக்கன்று காலையில் தெரு அமர்க்களப்பட்டது. எலுமிச்சைச் சோறு, புளிச் சோறு, தேங்காய்ச் சோறு, காப்பரிசி, காதோலை கருகமணி, தாம்பாளம் தாம்பாளமாகப் பச்சையும் சிவப்புமாக வளையல். வாசல் யாருடையதோ அவர்களே முதல் சந்தனம் வைக்க வேண்டும் என்று சொல்லி, பெண்கள் போய்த் தையல்நாயகியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பந்தலைப் பார்த்தாள், சோற்றைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள்.

"எவ்ளோ சோறு," என்றாள். "எவ்ளோ வளையலு. யாரு பெத்ததோ, எந்தக் கடல்ல பொறந்ததோ, அதுக்கு இவ்ளோ செய்யறீங்களே, இதே வாசல்ல, இதே எடத்துல என் பொண்ணு ஒரு பகல் பூரா நின்னாளே, ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, தண்ணி வேணுமான்னு கேட்டீங்களாடி? பட்டு, நீ கேட்டியா? ஒன் வீட்டு வாசல்லேருந்து பாத்துகிட்டுதானே இருந்தே?" தையல்நாயகி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். விறுவிறுவென்று சந்து வழியாக உள்ளே போனாள், உள்ளே மூட்டைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது, திரும்பி வரும்போது அவள் இரண்டு கையிலும் அம்மிக் குழவி இருந்தது. மூன்றாவது அடியில் பூட்டு நாதாங்கியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது.

கூடத்தின் நடுவே வைரக்கண்ணு நின்றிருந்தார். இடுப்பில் சாவி இருந்தது, இனி அது எந்தப் பூட்டுக்கும் உரியதில்லை. "தள்ளி நில்லுங்க," என்றாள் தையல்நாயகி. அவர் தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றார். உல்லங்கள் நிலைப்படியைத் தாண்டி வந்தன. பந்தலையும் சோற்றையும் சந்தனத்தையும் ஒன்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அபிராமியின் பள்ளிக்கூடப் போட்டோவுக்குக் கீழே, சுவரோரம் கிடந்த அவர் நாற்காலியை உரசிக்கொண்டு, ஈரமும் உப்பும் வீசக் கூடம் முழுக்க நிறைந்து போய், கொல்லைக் கதவு வழியாகக் கதவணைப் பக்கம் வெளியேறிக்கொண்டே இருந்தன.

தையல்நாயகி பட்டுவின் போனைப் பிடுங்கி மகளைக் கூப்பிட்டாள். எந்தப் பொத்தானை அமுக்கினாளோ, தெருவுக்கே கேட்டது. "அபி, வாசல் தொறந்தாச்சுடி. கெளம்பி வா. இப்பவே வா."

அந்தப் பக்கமிருந்து அபிராமி கேட்டாள்: "மீனுக்குத் தொறந்ததாம்மா, எனக்குத் தொறந்ததா?"

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள், தெருவே அவரைப் பார்த்தது. உனக்குத்தான் என்கிற ஒரு சொல். அது நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்ததை அவர் உணர்ந்தார். அவ்வளவுதான் வந்தது. போன் அந்தப் பக்கமே அணைந்தது.

"புள்ள தாய் வீட்டுக்கு வரணும். வரலேன்னா தாய் போவணும்," என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி ஒரு தூக்குவாளியில் மூன்று வகைச் சோற்றையும், மஞ்சள் பையில் மீன்களுக்கு வாங்கின வளையலில் ஒரு டஜனையும் எடுத்துக்கொண்டு அந்த வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். மீன்களோடு மீனாக ஆற்றில் நடந்தே லால்குடி போனாள் என்று பின்னால் கதை கட்டினார்கள், வெறும் புளுகு. மினி பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் போனாள்.

சாயங்காலம் கதவணையில் உல்லங்கள் ஷட்டரை முட்டிக்கொண்டு நின்றன. ஆர்டர் வரவில்லை. வைரக்கண்ணு கைப்பிடியை மாட்டி, தன் வேலையில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல், ஒரு ஷட்டரை ஒரு முழம் ஏற்றினார். இடைவெளியில் ஒவ்வொன்றாக நுழைந்து அவை மேற்கே போயின. அவர் இரும்புப் படியில் உட்கார்ந்து கடைசி மீன் போகிற வரைக்கும் பார்த்தார். மீனுக்குத் திறக்க முடிந்தது, வாயைத் திறக்க முடியவில்லையே என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆபீசில் கேட்டதற்கு, "ஜாம் ஆயிடுச்சு சார்," என்றார். மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்.

பந்தல் பிரிந்தது, ஊர் வேறு பேச்சுக்குப் போய்விட்டது. வைரக்கண்ணு வீட்டு வாசல் கதவு மட்டும் ஈரத்தில் ஊதிப்போய் நிலையில் பொருந்தாமல் திறந்தே கிடந்தது. ஆசாரியை வைத்து இழைத்துப் பார்த்தும் மூடவில்லை. பேரன் பிறந்ததைப் பட்டு சொன்னாள். தையல்நாயகி திரும்பி வரவில்லை. அவர் தானே சோறு வடித்து, கூடத்தின் நடுவே நாற்காலியைப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார். யாராவது வருவார்கள் என்றுதான் அப்படி உட்கார்ந்தார். வர வேண்டியவர்கள் வந்தால் திறந்த வாசல் கண்ணில் படும் அல்லவா, அதற்கு மேல் தான் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் முதுகில் என்னவோ ஊர்ந்தது. திரும்பினார். கொல்லை வாசல் வழியாக உல்லக் குஞ்சுகள் வந்திருந்தன, விரல் நகம் அளவு, கண்ணாடியாக, ஆயிரம் பதினாயிரம். மேலாற்றில் பொரிந்து, திறந்து விட்டிருந்த ஷட்டர்களைத் தாண்டி, கடலுக்குப் போகிற வழியில், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்ட பிறகும் தாய்கள் வந்த பாதையிலேயே வந்து, கூடத்தில் அப்படியே நின்றுபோயிருந்தன. வாசல் திறந்திருந்தது, கொல்லை திறந்திருந்தது, வழியில் சாமான் எதுவும் இல்லை. ஏன் நிற்கின்றன என்று வைரக்கண்ணுவுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அவை அவர் முதுகுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தன. சுற்றிக்கொண்டு போகத் தெரியாத குஞ்சுகள், அவர் முதுகை மூக்கால் தட்டின.

அட கடவுளே என்று அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டார். குஞ்சுகள் மழைச் சத்தத்தோடு அவரைக் கடந்து வாசல் வழியாகக் கிழக்கே ஓடின. அவர் கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்று பஸ் மாறி லால்குடியில் இறங்கி, விசாரித்து விசாரித்து அந்தத் தெருவைக் கண்டுபிடித்துப் போனபோது தொப்பலாக நனைந்திருந்தார். கதவு மூடியிருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது, தையல்நாயகி ஏதோ சொல்லிச் சமாதானம் செய்தாள். அவர் தட்டினார். மெதுவாக, டொக், டொக் என்று.

"யாரு?" மகளின் குரல்.

"நான்தாம்மா."

காலடி கதவு வரைக்கும் வந்து, கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. "பேரனப் பாக்க வந்தீங்களாப்பா, என்னப் பாக்க வந்தீங்களா?"

மழைத் தண்ணீர் புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. இந்த முறை அந்தச் சொல் தொண்டையில் நிற்கவில்லை. "ஒன்னத்தாம்மா," என்றார் வைரக்கண்ணு. "ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்."

தாழ்ப்பாள் உடனே அசையவில்லை. பக்கத்தில் ஒரு சந்து இருந்தது, கொல்லைக்குப் போகிற வழியாக இருக்கலாம். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிலைப்படிக்கு முன்னால் நெற்றி கதவில் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் போய், அங்கேயே நின்றார்.